நோட்-ரெட்டில் பிணையத் தானியக்கம்: ஒரு திறனாய்வு

நோட்-ரெட் என்பது உலாவித் திரையில் முனைகளை வைத்து, அவற்றைக் கம்பிகளால் இணைத்து நிரல் உருவாக்க உதவும் திறந்த மூல மென்பொருள் ஆகும். வீட்டு விளக்குகள், தொழிற்சாலை உணரிகள் போன்றவற்றை இணைப்பதற்குப் பரவலாகப் பயன்படும் இக்கருவியைக் கணினிப் பிணையங்களைப் பராமரிப்போரும் கையாள்கின்றனர். சுவிட்சு, ரவுட்டர் ஆகியவற்றின் நிலையைக் கேட்டறிதல், அவற்றின் அமைவுகளை நகலெடுத்து வைத்தல், இணைப்பு அறுந்தால் செய்தி அனுப்புதல், ஒரே மாற்றத்தைப் பல சாதனங்களில் செய்தல் ஆகிய வேலைகளை இதில் படமாக வரைந்து இயக்கலாம். இக்கட்டுரை அந்தப் பயன்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மதிப்பிடுகிறது. வேலை நடக்கும் வழியை நோட்-ரெட் தெளிவாகக் காட்டுகிறது; வேலை தவறிப்போகும் வழியைத் தானாகக் காட்டுவதில்லை என்பதே இம்மதிப்பீட்டின் சாரம்.

தோற்றமும் பின்புலமும்

ஐ.பி.எம். நிறுவனத்தின் புதிய தொழில்நுட்பக் குழுவில் பணியாற்றிய நிக் ஓ'லியரி, டேவ் கான்வே-ஜோன்ஸ் ஆகிய இருவரும் 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோட்-ரெட்டை ஒரு துணைப் பணியாக உருவாக்கத் தொடங்கினர். எம்.க்யூ.டி.டி. என்னும் செய்திப் பரிமாற்ற நெறிமுறையில் ஒரு தலைப்பில் வரும் செய்தி வேறு எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்து மாற்றுவதே அதன் முதல் நோக்கம். அதே ஆண்டு செப்டம்பரில் அது திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. 2016இல் ஜேஎஸ் அறக்கட்டளையின் திட்டங்களுள் ஒன்றாயிற்று. அந்த அறக்கட்டளை 2019இல் நோட்.ஜேஎஸ் அறக்கட்டளையுடன் இணைந்து ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளையாக மாறியது.

இதன் அடிப்படைக் கருத்து இன்னும் பழையது. 1970களில் கனடாவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜே. பால் மோரிசன் 'பாய்வுவழி நிரலாக்கம்' என்னும் முறையை வகுத்தார். ஒரு நிரலைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து, தரவு ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் பாயும்படி அமைப்பது அம்முறை. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியே இருப்பவர் அறியத் தேவையில்லை. எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று தெரிந்தால் போதும்.

தோற்றத்தின் சுவடு இக்கருவியில் இன்றும் இருக்கிறது. உணரியிலிருந்து வரும் வெப்பநிலை அளவு ஒன்று தவறிப்போனால் அடுத்த நிமிடம் இன்னொன்று வந்துவிடும், இழப்பு பெரிதன்று. பிணையச் சாதனத்தின் அமைவை மாற்றும் கட்டளை அப்படிப்பட்டதன்று. அது பாதியில் நின்றால் சாதனம் பழைய நிலையிலும் இல்லாமல் புதிய நிலையிலும் இல்லாமல் தங்கிவிடும். ஒரு வேலைக்காகப் பிறந்த கருவியை வேறொரு வேலைக்குக் கொண்டுவரும்போது எழும் சிக்கல்களையே கீழுள்ள பகுதிகள் ஆராய்கின்றன.

அமைப்பும் செயற்பாடும்

நோட்-ரெட் திரையின் இடப்பக்கம் முனைகளின் பட்டியல் இருக்கும். தேவையானவற்றை நடுவிலுள்ள வெற்றிடத்துக்கு இழுத்து வந்து, ஒரு முனையின் வலப்புள்ளியை அடுத்த முனையின் இடப்புள்ளியோடு கம்பியால் இணைக்க வேண்டும். இவ்வாறு இணைந்த தொகுதி 'பாய்வு' எனப்படும். 'டிப்ளாய்' பொத்தானை அழுத்தியதும் பாய்வு இயங்கத் தொடங்கும். கம்பிகளின் வழியே செல்வது 'செய்தி' என்னும் தரவுப்பொதி.

எடுத்துக்காட்டாக, 40 சுவிட்சுகளின் அமைவை ஒவ்வோர் இரவும் நகலெடுக்கும் பாய்வு ஒன்றைக் கருதலாம். முதல் முனை இரவு 2 மணிக்கு வேலையைத் தொடங்கி வைக்கும். அடுத்தது 40 முகவரிகள் கொண்ட பட்டியலைத் தரும். மூன்றாவது அப்பட்டியலை 40 தனிச் செய்திகளாகப் பிரிக்கும். நான்காவது ஒவ்வொரு சுவிட்சிலும் எஸ்.எஸ்.எச். வழியாக நுழைந்து அமைவைக் காட்டும் கட்டளையைக் கொடுக்கும். ஐந்தாவது கிடைத்த விடையைக் கோப்பில் எழுதும். ஆறாவது 40 விடைகளையும் ஒன்றுசேர்க்க, ஏழாவது 'நகலெடுப்பு முடிந்தது' என்று மின்னஞ்சல் அனுப்பும். ஏழு முனைகள், ஆறு கம்பிகள். நிரல் எழுதத் தெரியாதவரும் இதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்.

நிறைகள்

முதல் நிறை, கண்ணுக்குத் தெரியும் வரிசை. வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்பதை விளக்கம் இல்லாமலே அறியலாம். பிணையம் பயிலும் மாணவர்க்கும், நிரல் எழுதிப் பழகாத பிணையப் பொறியாளர்க்கும் இது பெரிய வசதி.

இரண்டாவது, உடனடிச் சோதனை. எந்தக் கம்பியிலும் ஒரு சோதனை முனையை இணைத்து, அவ்விடத்தில் செல்லும் செய்தியின் உள்ளடக்கத்தைத் திரையின் வலப்பக்கத்தில் பார்க்கலாம். எஸ்.என்.எம்.பி. நெறிமுறையில் சுவிட்சு தரும் விடை எந்த வடிவில் இருக்கும் என்பதைப் பாடநூலில் படிப்பதைவிட இங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது எளிது.

மூன்றாவது, வெவ்வேறு நெறிமுறைகளை ஒரே இடத்தில் சந்திக்க வைக்கும் திறன். ஒரு பக்கம் பிங், இன்னொரு பக்கம் இணையச் சேவை, வேறொரு பக்கம் மின்னஞ்சல் என எல்லாமே ஒரே வகைக் கம்பியில் இணைகின்றன. கண்காணிப்புக்கும் அறிவிப்புக்கும் இது மிகப் பொருத்தமானது.

குறைகள்

அ) தவறுக்குத் தனிக் கம்பி இல்லாமை

மேலே சொன்ன நகலெடுப்புப் பாய்வுக்குத் திரும்பலாம். கட்டளையை இயக்கும் முனைக்கு மூன்று வெளிப்புள்ளிகள் உண்டு. முதலாவது கட்டளையின் விடையையும், இரண்டாவது பிழைச்செய்தியையும், மூன்றாவது கட்டளை முடிந்த விதத்தைக் குறிக்கும் எண்ணையும் தரும். படத்தில் முதல் புள்ளி மட்டும் இணைக்கப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டும் வெறுமையாக இருப்பதை நோட்-ரெட் குறையாகக் காட்டாது, பாய்வு இயங்கும்.

ஒரு சுவிட்சில் நுழைய முடியாமல் போனால், முதல் புள்ளி வழியே வெறுமையான விடை செல்லும். கோப்பு முனை பழைய கோப்பின்மேல் எழுதும்படி அமைக்கப்பட்டிருந்தால், நேற்றைய நல்ல நகலின் இடத்தில் இன்றைய வெறுமை வந்து அமரும். அன்று காலையும் 'நகலெடுப்பு முடிந்தது' என்ற மின்னஞ்சல் வரும். சில வாரங்கள் கழித்து அந்தச் சுவிட்சு பழுதாகி நகலைத் தேடும்போதுதான் உண்மை தெரியும்.

மூன்றாவது புள்ளியை இணைத்தாலும் சிக்கல் முழுதாகத் தீராது. பல பிணையச் சாதனங்கள் தவறான கட்டளைக்கும் சாதாரண விடையைப் போலவே ஒரு வரியைத் திருப்பித் தருகின்றன. 'உள்ளீடு செல்லாது' என்ற பொருளுள்ள அவ்வரி முதல் புள்ளியிலேயே வரும். அதைப் படித்துப் பார்க்கும் முனை ஒன்று இடையில் இருந்தாலன்றி, பிழைவரியே அமைவுக் கோப்பாகச் சேமிக்கப்படும்.

இணையச் சேவையைக் கேட்கும் முனையிலும் இதே நிலை. கடவுச்சொல் தவறு என்னும் 401, பக்கம் இல்லை என்னும் 404, வழங்கிக் கோளாறு என்னும் 500 ஆகிய விடைகளும், வெற்றியைக் குறிக்கும் 200 செல்லும் அதே கம்பியில்தான் இயல்பாகச் செல்கின்றன. அவற்றைப் பிழையாகக் கொள்ளும்படி ஒரு தெரிவு உண்டு. அதைத் தேடிப் போய்க் குறியிட வேண்டும்.

பிழைகளைப் பிடிப்பதற்கென்று தனி முனை இருக்கிறது. ஆனால் அது எந்த முனையின் பிழையைப் பிடிக்கிறதோ அதனுடன் கம்பியால் இணைக்கப்படுவதில்லை. அதே தாளில் ஓர் ஓரமாகத் தனித்து நிற்கும். கம்பியே பொருள் என்று கற்றுக்கொடுக்கும் ஒரு கருவியில், மிக முக்கியமான தொடர்புக்குக் கம்பி இல்லை என்பது வடிவமைப்பின் முரண்.

ஒன்றுசேர்க்கும் முனை இன்னொரு வகையில் ஏமாற்றும். தானியங்கு முறையில் அது 40 பகுதிகளும் வரும்வரை காத்திருக்கும். ஒரு சாதனத்தின் செய்தி நடுவில் எங்காவது நின்றுவிட்டால், மற்ற 39 விடைகளும் வந்த பின்னும் தொகுப்பு வெளியே வராது. மின்னஞ்சல் வராததைக் கவனிக்க ஆள் இல்லையென்றால், வேலை நின்றுபோனது யாருக்கும் தெரியாது.

எழுத்து நிரலிலும் இத்தகைய கவனக்குறைவுகள் நேரும் என்று வாதிடலாம். அது சரியே. ஷெல் நிரல் ஒரு கட்டளை தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடும். வேறுபாடு பார்ப்பவர் மனத்தில் ஏற்படும் எண்ணத்தில் இருக்கிறது. எழுத்து நிரலைப் பார்ப்பவர் அதைப் படிக்க வேண்டும் என்று அறிவார். முழுமையாக இணைந்த படத்தைப் பார்ப்பவர் அது முழுமையான வேலை என்று நம்பிவிடுகிறார்.

ஆ) பெட்டிக்குள் மறையும் நிரல்

ஆயத்த முனைகளால் செய்ய முடியாத வேலைக்கு 'செயற்கூறு' முனை உண்டு. அதனுள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதலாம். பாய்வு வளர வளர, கடினமான முடிவுகள் எல்லாம் இந்த முனைகளுக்குள் சேர்ந்துவிடுகின்றன. வெளியே நான்கு பெட்டிகளும் மூன்று கம்பிகளும் தெரியும். உள்ளே 200 வரிகள் இருக்கும். படம் அப்போது நிரலின் அட்டையாக மட்டும் நிற்கிறது.

நினைவில் வைக்கும் தரவும் இப்படித்தான். ஒரு முனை சேமித்த மதிப்பை இன்னொரு முனை பொது நினைவகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவ்விரண்டுக்கும் இடையே கம்பி இருக்காது. தவிர, இந்த நினைவகம் இயல்பாகக் கணினியின் தற்காலிக நினைவில் இருப்பதால், நோட்-ரெட்டை மறுபடி தொடங்கினால் அழிந்துவிடும். 'இந்தச் சுவிட்சில் மாற்றம் செய்தாயிற்று' என்ற குறிப்பை அங்கே வைத்திருந்தால், மறுதொடக்கத்துக்குப் பின் அதே மாற்றம் இரண்டாம் முறை நடக்கும்.

இ) மாற்றங்களை ஒப்பிடும் சிரமம்

பாய்வுகள் ஜேசான் வடிவிலான கோப்பாகச் சேமிக்கப்படுகின்றன. அக்கோப்பில் ஒவ்வொரு முனையின் அமைவோடு, திரையில் அது இருக்கும் இடத்தின் அளவுகளும் உள்ளன. அழகுக்காக ஒரு பெட்டியைச் சற்று நகர்த்தினாலும் கோப்பு மாறும். கிட் போன்ற பதிப்புக் காப்புக் கருவியில் பார்த்தால், நகர்த்தலும் உண்மையான மாற்றமும் ஒன்றாகக் கலந்து தெரியும். 2018இல் வந்த 'திட்டங்கள்' வசதி கிட் இணைப்பையும் ஒப்பீட்டுத் திரையையும் நோட்-ரெட்டுக்குள் கொண்டுவந்து இச்சிரமத்தைக் குறைத்தது. எனினும் அது இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கும். பயனரே இயக்க வேண்டும்.

ஈ) பாதுகாப்பு

நோட்-ரெட் நிறுவப்பட்டவுடன் அதன் திருத்தித் திரைக்குக் கடவுச்சொல் கிடையாது. 1880 என்னும் வாயில் எண்ணை அணுக முடிந்த எவரும் பாய்வை மாற்றி இயக்கலாம். இதை அம்மென்பொருளின் ஆவணமே எச்சரிக்கிறது. தனிக் கணினியில் பயில்வோருக்கு இது இடையூறில்லை. 40 சுவிட்சுகளுக்குள் நுழையும் உரிமை பெற்ற கணினியில் இது கதவைத் திறந்து வைப்பதாகும். முனைகளுக்குரிய கடவுச்சொற்கள் தனிக் கோப்பில் மறையாக்கம் செய்து வைக்கப்படுகின்றன. ஆனால் செயற்கூறு முனையிலோ கட்டளை முனையிலோ நேரடியாக எழுதிய கடவுச்சொல் பாய்வுக் கோப்பில் வெளிப்படையாகவே இருக்கும்.

படத்தை வாசித்தல்

படம் எழுத்தைவிட எளிதில் புரியும் என்ற நம்பிக்கை ஆய்வுக்கு உட்பட்ட ஒன்று. 1986இல் வெளிவந்த லேப்வியூ என்னும் பட நிரலாக்கக் கருவியைக் கொண்டு டி. ஆர். ஜி. கிரீன், மரியன் பெட்ரி ஆகியோர் செய்த ஆய்வில், பட நிரலைப் புரிந்துகொள்ள எழுத்து நிரலைவிட அதிக நேரம் பிடித்தது. 1995இல் எழுதிய கட்டுரையில் பெட்ரி, படத்தை வாசிப்பதும் கற்றுப் பெற வேண்டிய திறன்தான் என்று வாதிட்டார். தேர்ந்தவர் பெட்டிகளை அடுக்கும் முறையிலேயே பொருளை உணர்த்துகிறார். புதியவர் அந்தக் குறிப்புகளைத் தவறவிடுகிறார்.

நோட்-ரெட்டுக்கும் இது பொருந்தும். ஏழு முனைகள் கொண்ட பாய்வு எளிது. திரையை நான்கு பக்கமும் நகர்த்திப் பார்க்க வேண்டிய பாய்வு எளிதன்று. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் ஓடும் தாளில் ஒரு பிழையைத் தேடுவது, வரிகளுக்கு எண் இட்ட நிரலில் தேடுவதைவிடக் கடினம். வரைந்தவர் வேறு வேலைக்குச் சென்ற பின், நள்ளிரவில் பிணையம் நின்றுபோன நேரத்தில் அதைத் திறந்து பார்ப்பவருக்கு இது மேலும் கடினம்.

அளவு பெருகும்போது

கையால் செய்யும் தவறு ஒரு சாதனத்தைப் பாதிக்கும். தானியக்கத்தின் தவறு பட்டியலில் உள்ள அத்தனை சாதனங்களையும் பாதிக்கும். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவை ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றன. அந்நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தின்படி, வழக்கமான பராமரிப்பின்போது முதுகெலும்புப் பிணையத்தின் கொள்ளளவை அறிவதற்காகக் கொடுத்த ஒரு கட்டளை, எதிர்பாராத வகையில் அப்பிணையத்தின் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தடுப்பதற்கென்று சரிபார்ப்புக் கருவி ஒன்று இருந்தது. அக்கருவியிலேயே பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. தொலைவிலிருந்து சரிசெய்ய வழியில்லாமல் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் செல்ல நேர்ந்தது.

அந்நிகழ்வில் நோட்-ரெட்டுக்குப் பங்கில்லை. ஆயினும் அது கற்பிக்கும் பாடம் எல்லாத் தானியக்கத்துக்கும் பொது: சரிபார்ப்பும் மீட்பு வழியும் வேலையின் பகுதிகளே. பிணையத் துறை இதை முன்பே உணர்ந்துள்ளது. ஜூனிப்பர் சாதனங்களில், மாற்றத்தைச் செய்தபின் குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைவு தானாகத் திரும்பும் வசதி உண்டு. வேறு நேரம் குறிப்பிடாவிட்டால் அது 10 நிமிடம். 2011இல் வெளியான நெட்கான்ஃப் நெறிமுறையின் 6241ஆம் எண் ஆவணமும் இத்தகைய உறுதிப்படுத்தலை ஒரு கூடுதல் திறனாக வரையறுத்து, இயல்பான காத்திருப்பை 600 வினாடி என்று வைத்துள்ளது. மாற்றம் செய்தவரே தம் இணைப்பைத் துண்டித்துக்கொண்டாலும் சாதனம் மீண்டுவிடும். நோட்-ரெட் படத்தில் இந்த உறுதிப்படுத்தலுக்கு ஆயத்த வடிவம் எதுவுமில்லை. அறிந்தவர் தாமே சேர்த்தால்தான் உண்டு. அறியாதவருக்குப் படம் நினைவூட்டாது.

கற்போர் கவனத்துக்கு

இக்குறைகளை அறிந்து பயன்படுத்தினால் நோட்-ரெட் நல்ல பயிற்சிக் களம். அதற்குச் சில ஒழுங்குகள் உதவும்.

முதலில், சாதனங்களைப் படிக்க மட்டும் செய்யும் பாய்வுகளை வரைந்து பழக வேண்டும். எதையும் மாற்றாத பாய்வு தவறினால் இழப்பு குறைவு. சாதனத்தில் படிக்கும் உரிமை மட்டுமுள்ள பயனர் கணக்கைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

இரண்டாவதாக, வேலை செய்யும் ஒவ்வொரு முனைக்கும் 'இது தோற்றால் செய்தி எங்கே போகும்?' என்ற கேள்விக்கு விடை படத்தில் இருக்க வேண்டும். கட்டளை முனையின் மூன்று புள்ளிகளையும் இணைப்பது, நேர வரம்பு குறிப்பது, விடையின் உள்ளடக்கத்தைப் பார்த்துப் பிரிப்பது ஆகியவை அதில் அடங்கும். முழுவதும் தோற்கும்படி ஒரு தவறான முகவரியைப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்த்துச் சோதிக்கலாம். 'முடிந்தது' என்ற மின்னஞ்சல் அப்போதும் வந்தால் பாய்வு சரியில்லை என்று பொருள்.

மூன்றாவதாக, 40 சாதனங்களுக்கும் ஒரே நொடியில் செய்தி அனுப்பாமல், தாமதப்படுத்தும் முனையைக் கொண்டு ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். முதல் சாதனத்தில் தவறு நேர்ந்தால் இரண்டாவதுக்குப் போகாமல் நிறுத்தும் வழியும் வேண்டும்.

நான்காவதாக, பாய்வுக் கோப்பைப் பதிப்புக் காப்பில் வைத்து, பெட்டிகளை நகர்த்தும் வேலையையும் உண்மையான மாற்றத்தையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும்.

மதிப்பீடு

பிணையத்தைக் கவனிக்கவும், கவனித்ததை மனிதர்க்குத் தெரிவிக்கவும் நோட்-ரெட் சிறந்த கருவி. அந்த வேலையில் செய்திகள் ஒரே திசையில் பாய்கின்றன. ஒன்று தவறினாலும் அடுத்தது வரும். அது இக்கருவி பிறந்த சூழலுக்கு நெருக்கமானது.

பிணையத்தை மாற்றும் வேலைக்கு அதையே தனித்து நம்புவது பொருத்தமன்று. மாற்றம் செய்யும் பகுதியை ஆன்சிபிள் போன்ற, எழுத்து வடிவில் சரிபார்க்கக்கூடிய கருவியிடம் விடலாம். அத்தகைய கருவிகளின் நல்ல தொகுதிகள், ஒரே வேலையை இரு முறை இயக்கினாலும் ஒரே விளைவைத் தரும்படி எழுதப்படுகின்றன. நோட்-ரெட் அவ்வேலையைத் தொடங்கி வைத்து, முடிவைக் கேட்டறிந்து, உரியவருக்குச் சொல்லும் இடத்தில் நிற்கலாம். இந்தப் பிரிவினையில் படம் சிறியதாகவும் படிக்கத்தக்கதாகவும் இருக்கும்.

காட்சிவழி நிரலாக்கம் நிரலின் கடினத்தை நீக்கிவிடுகிறது என்று கூறுவோர் உண்டு. அது நீக்குவது எழுத்தின் கடினத்தை மட்டுமே. எந்தச் சாதனம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, கட்டளை உண்மையில் ஏற்கப்பட்டதா, தவறினால் எப்படித் திரும்புவது என்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன. ஒரு பாய்வுப் படத்தை மதிப்பிடும் மாணவர், அது வெற்றி பெறும் வழியை விரலால் தொடர்ந்து பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு முனையிலும் நின்று தோல்வியின் வழியையும் தேட வேண்டும். அவ்வழி வரையப்பட்டிருந்தால் அந்தப் பாய்வை நம்பலாம்.